ஏணியைப் பிடிக்கிறது யார்?

இந்த எபிசோடில் ஆர்எம்மாட் பற்றிப் பேச ஆரம்பிச்சதும் நேரம் முடிஞ்சுது. மீதி இங்கே.

லினக்ஸ் டெர்மினலில் எல்எஸ்மாட் அடிச்சுப் பாருங்க. மூன்றாவது வரிசையில் ஓர் எண் தெரியும். அந்த மாட்யூலை இப்போ எத்தனை இடத்தில் பிடிச்சு வச்சிருக்காங்க என்கிற கணக்கு அது. பூஜ்யம் இல்லையென்றால் ஆர்எம்மாட் கையை விரிச்சிடும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? சாதாரண புரோகிராம் செத்தால் அது மட்டும்தான் சாகும். மாட்யூலோ கெர்னலுக்குள்ளேயே ஓடுது. ஒரு சிபியு அதன் ஃபங்ஷனில் இருக்கும்போது மெமரியை உருவிட்டால், அடுத்த இன்ஸ்ட்ரக்‌ஷன் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இருக்காது. மெஷினே நின்றுபோகலாம்.

சரி, அந்த எண்ணை யார் ஏத்துறது? இங்கேதான் சுவாரஸ்யம். 2.4 கெர்னல் காலத்தில் பல டிரைவர்கள் தங்கள் ஓப்பன் ஃபங்ஷனுக்குள் தாங்களே ஏத்திக்கிட்டன. பார்க்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா ஃபங்ஷனுக்குள் நுழைந்தாச்சு, எண் இன்னும் ஏறலை. அந்த இடைவெளியில் இன்னொரு சிபியுவில் ஆர்எம்மாட் ஓடினால்? கணக்கில் பூஜ்யம், மாட்யூல் போச்சு. வெளியே வரும்போதும் அதே வம்பு: எண்ணைக் குறைச்ச பிறகும் ரிட்டர்ன் ஆகிற இன்ஸ்ட்ரக்‌ஷன் மாட்யூலுக்குள்தானே இருக்கு? ஏணி மேல நிக்கிறவரே ஏணியைப் பிடிக்க முடியாது. கீழே ஒருத்தர் வேணும்.

ரஸ்டி ரஸல் திருத்தி எழுதிய மாட்யூல் லோடர், 2003 டிசம்பரில் வந்த 2.6-இல் இதை ஒழுங்குபடுத்தியது. கூப்பிடுகிற கோட் முதலில் ட்ரை_மாட்யூல்_கெட் கேட்கணும். தோல்வி என்றால் மாட்யூல் கிளம்பிட்டு இருக்கு, தொடக்கூடாது. வேலை முடிஞ்சதும் மாட்யூல்_புட். டிரைவர் பாடங்களில் எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு காப்பி அடிக்கிற 'ஓனர் = திஸ்_மாட்யூல்' வரி இதுக்குத்தான். யாரைப் பிடிக்கணும் என்று கெர்னலுக்கு அது சொல்லுது. ஓப்பனைக் கூப்பிடும் முன்னாடியே எண் ஏறிடும்.

ஆனா டைமர், வொர்க் க்யூ இரண்டும் இந்தக் கணக்கில் வராது. எக்ஸிட் ஃபங்ஷனில் நீங்களே நிறுத்தி, ஓடி முடிகிற வரை காத்திருக்கணும்.

வீட்டுப்பாடம்: ஃபேட் ஃபார்மட் பென்டிரைவ் ஒன்றை மவுண்ட் பண்ணுங்க. உங்க டிஸ்ட்ரோவில் வீஃபேட் மாட்யூலாக இருந்தால், முன்னும் பின்னும் அதன் எண்ணைப் பாருங்க. மவுண்ட் ஆகியிருக்கும்போதே ஆர்எம்மாட் வீஃபேட் அடிங்க. என்ன பதில் வந்தது என்று எழுதுங்க.