இறப்பர் இணைப்பியில் போல்ற்றை இறுக்குதல்: எந்தப் பக்கத்தைத் திருப்புவது?

மாணவர்களே! விசைத் திருப்பத்துக்கு உதாரணம் கேட்டால் உங்களிற் பலர் கதவையும் சீசோவையும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறீர்கள். அவை பிழையல்ல. ஆனால் ஸ்பனரால் இறுக்கப்படும் ஒரு போல்ற்றை விளங்கிக்கொண்டால் திருப்பம், உராய்வு, இழுவை மூன்றையும் ஒரே இடத்திற் படித்துவிடலாம்.

1962 இல் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம் எலான் என்னும் சிறிய காரை வெளியிட்டது. பழைய கார்களுக்கான பந்தயங்களில் எலான்கள் இன்றும் ஓடுகின்றன. தொழிற்சாலையிலிருந்து வந்த எலானில் பின்சில்லுகளைச் சுழற்றும் இரு தண்டுகளின் ஒவ்வொரு முனையிலும் தடித்த வளையம் போன்ற இறப்பர் இணைப்பி உண்டு. ஓர் இணைப்பியில் ஆறு போல்ற்றுகள். ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று தண்டின் பக்க உலோகத் தட்டுக்கும், மற்றைய மூன்று எதிர்ப்பக்கத் தட்டுக்கும் பூட்டப்படும். தண்டு சாயும்போது இறப்பர் வளைந்துகொடுத்துச் சுழற்சியைக் கடத்துகிறது.

இப்போது கணிப்பு. 0.25 மீற்றர் நீளமான ஸ்பனரின் முனையில் செங்குத்தாக 200 நியூற்றன் விசையைக் கொடுத்தால்,

திருப்பம் = 200 × 0.25 = 50 நியூற்றன் மீற்றர்.

(இது கணிப்புக்காக எடுத்த எண். உண்மையான அளவை அந்தந்தக் காரின் கைநூலிற் பார்க்க வேண்டும்.)

இந்த 50 இல் பெரும்பகுதி புரியிலும் சுரையின் அடியிலும் உள்ள உராய்வை வெல்லவே செலவாகிறது. எஞ்சும் சிறுபகுதிதான் போல்ற்றைச் சற்று நீட்டுகிறது. நீண்ட போல்ற் சுருங்க முயல்வதால் தட்டும் இணைப்பியும் ஒன்றையொன்று நெருக்கிப் பிடிக்கின்றன. பிடி தளர்ந்தால் போல்ற் ஒவ்வொரு முறையும் பக்கவாட்டில் அடிபட்டு, களைத்து, முறியும். அந்த வேகத்தில் கழன்ற தண்டு காரின் அடிப்பாகத்தையே உடைத்துவிடும்.

இனி மிக முக்கியமான விடயம். போல்ற்றின் ஒரு முனை உலோகத் தட்டின் பக்கம், மறுமுனை இறப்பரின் பக்கம். அது சுரையோ தலையோ, தட்டின் பக்கம் இருப்பதையே திருப்புங்கள். இறப்பரின் பக்கம் இருப்பதை இன்னொரு ஸ்பனரால் அசையாமற் பிடியுங்கள். மாறிச் செய்தால் இறப்பருக்குள் பதிந்துள்ள உலோகக் குழாயும் சேர்ந்து திரும்பும். இறப்பர் முறுகிக் கிழியத் தொடங்கும். திருப்பத்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடுவதால், அளவுகாட்டும் ஸ்பனர் 50 என்று காட்டினாலும் போல்ற் போதிய அளவு நீண்டிராது. கருவி பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட இடந்தான் பிழை!

புதிய இணைப்பியைச் சுற்றி இரும்புப் பட்டி ஒன்று இறுக்கப்பட்டிருக்கும். பூட்டி முடித்த பின்னரே அதை வெட்டி எடுக்க வேண்டும். முன்பே வெட்டினால் இறப்பர் விரிந்து துளைகள் நேராக வாரா.

ஒரு போல்ற்றின் பெறுமதி என்ன? 1962 டிசெம்பரில் தென்னாபிரிக்காவில் நடந்த இறுதிப் பந்தயத்தில் லோட்டஸ் 25 காரில் ஜிம் கிளார்க் முன்னணியில் ஓடினார். எஞ்சினில் ஒரு சிறு போல்ற் கழன்று எண்ணெய் ஒழுகியதால் அவர் விலக நேர்ந்தது. அவ்வாண்டின் உலகப் பட்டம் கிரஹாம் ஹில்லுக்குப் போயிற்று.

பயிற்சி: புரிக்கு எண்ணெய் பூசி, அதே 50 நியூற்றன் மீற்றரில் இறுக்கினால் போல்ற்றின் இழுவை கூடுமா, குறையுமா? உராய்வைக் கொண்டு காரணம் தருக.