காட்ஸில்லாவும் ஒரு மீன்பிடிப் படகும்

காட்ஸில்லா என்றால் நம்மில் பலருக்குக் கட்டடங்களை மிதித்துக்கொண்டு நடக்கும் ஒரு பெரிய பல்லிதான் நினைவுக்கு வரும். நானும் அதை விசிலடித்துப் பார்க்கும் படம் என்றே எண்ணியிருந்தேன். அந்த வரிசையின் முதற் படமாகிய ‘கோஜிரா’வைப் பார்த்தபின் அவ்வெண்ணம் மாறிற்று. இஷிரோ ஹோண்டா இயக்கிய இக்கறுப்பு வெள்ளைப் படம் 1954 நவம்பர் 3ஆம் நாள் ஜப்பானில் வெளிவந்தது. கொரில்லா என்ற சொல்லையும், திமிங்கிலத்தைக் குறிக்கும் ‘குஜிரா’ என்ற ஜப்பானியச் சொல்லையும் சேர்த்துப் பிறந்த பெயர் அது.

இயற்பியல் மாணவனாகையால் முதலில் அவ்விலங்கை எடை போட்டுப் பார்த்தேன். படத்தில் அதன் உயரம் 50 மீட்டர். 2 மீட்டர் உயரமுள்ள ஓர் உடலை, வடிவம் மாறாமல் 25 மடங்கு பெரிதாக்குவதாகக் கொள்வோம். எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்பு 25இன் இருமடியாக, அதாவது 625 மடங்காகப் பெருகும். எடையோ மும்மடியாக, 15,625 மடங்காகிவிடும். ஆகவே எலும்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் முன்னைவிட 25 மடங்கு சுமையைத் தாங்க வேண்டும். முதல் அடி வைக்கும்போதே கால் நொறுங்கும். கலிலியோ 1638இலேயே நூலாக வெளியிட்ட உண்மைதான் இது.

ஆயினும் திரையில் அது நிற்கிறது, கனமாகவும் நடக்கிறது. தந்திரக் காட்சிகளை அமைத்த எய்ஜி சுபுராயா, ஹருவோ நகாஜிமா என்ற நடிகரை ரப்பர் உடைக்குள் நுழைத்து, 25இல் ஒரு பங்கு அளவில் கட்டிய டோக்கியோ நகருக்குள் நடக்கவிட்டார். இங்கும் ஒரு கணக்கு உண்டு. 50 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல் தரையைத் தொட ஏறத்தாழ 3.2 வினாடி ஆகும். 2 மீட்டரிலிருந்து விழுந்தால் 0.64 வினாடிதான். நேரம் ஐந்து மடங்கு வேறுபடுகிறது. பொம்மைக் கட்டடம் இடிவது பொம்மையாகத் தெரியாதிருக்க வேண்டுமானால், காமிராவை வேகமாக ஓட்டிப் படம்பிடித்து, இயல்பான வேகத்தில் திரையிட வேண்டும். அவர்களும் அப்படியே செய்தார்கள். அந்த உறுமலோ, பிசின் தடவிய தோல் கையுறையால் டபுள் பாஸ் தந்திகளைத் தேய்த்து எழுப்பிய ஒலி!

விலங்கின் கதை இவ்வளவே. படத்தின் முதற் காட்சிக்கு வருவோம். அமைதியான கடலில் திடீரென ஓர் ஒளி. ஒரு கப்பல் எரிந்து மூழ்குகிறது. அன்றைய ஜப்பானியருக்கு இதற்கு விளக்கவுரை தேவைப்பட்டிராது. அதே ஆண்டு மார்ச் 1ஆம் நாள் பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. எதிர்பார்த்தது சுமார் 6 மெகாடன். வெடித்தது 15 மெகாடன். எரிபொருளில் இருந்த லித்தியம்-7 வினையில் பங்கு கொள்ளாது என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருந்தனர். வேகமான நியூட்ரான்கள் தாக்கியதும் அதுவும் பிளந்து டிரிட்டியத்தைத் தந்துவிட்டது. தேர்வில் இப்படி ஒரு தவறு செய்தால் நமக்கு மதிப்பெண்தான் போகும்.

‘ஐந்தாம் அதிர்ஷ்ட டிராகன்’ என்று பொருள்படும் பெயர்கொண்ட சூரை மீன்படகு ஒன்று, அறிவிக்கப்பட்ட அபாய எல்லைக்கு வெளியேதான் இருந்தது. அதில் 23 பேர். பொடியான பவளம் வெள்ளைச் சாம்பலாக அவர்கள் மீது மணிக்கணக்கில் பெய்தது. அது இன்னதென்று அறியாமல் தூண்டில் கயிறுகளை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மார்ச் 14இல் யாய்சு துறைமுகம் திரும்பியபோது உடலெங்கும் புண். வானொலி இயக்குநர் ஐகிச்சி குபோயாமா செப்டம்பர் 23இல் இறந்தார். அடுத்த 41ஆம் நாள் ‘கோஜிரா’ திரைக்கு வந்தது.

செய்தி நம் நாட்டையும் எட்டியது. ஏப்ரல் 2ஆம் நாள் மக்களவையில் பிரதமர் நேரு, இத்தகைய சோதனைகளை நிறுத்திவைக்க ஓர் உடன்பாடு வேண்டும் என்றார். அதே கோரிக்கையோடு மூதறிஞர் ராஜாஜி 1962இல் அமெரிக்கா சென்று அதிபர் கென்னடியைச் சந்தித்தார்.

ஜப்பானில் சூரை மீனின் விலை சரிந்தது. கதிரியக்கம் கண்ட மீன்களைப் புதைத்தார்கள். நல்ல மீனையும் வாங்க மக்கள் அஞ்சினர். இந்த இடத்தைப் படித்தபோது என்னால் மேலே செல்ல முடியவில்லை. 2017 ஜனவரி 28இல் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதின. எர்ணாவூர்க் கரையில் ஒதுங்கிய எண்ணெய்க் கசடைப் பக்கெட்டுகளில் அள்ளினார்கள். அப்போது நான் ஆறாம் வகுப்பு மாணவன். காசிமேட்டிலிருந்து என் தாயார் கூடையில் கொண்டுபோன மீன், எண்ணெய் படாத தூரத்தில் பிடித்ததுதான். “எண்ணெய் மீனா?” என்று முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். பல நாள் வாடிக்கையாளர்களும் அப்படியே செய்தார்கள். கூடை கனம் குறையாமல் வீடு திரும்பியது.

படத்திலும் ஓடோ என்ற தீவின் மீனவர்களுக்குத்தான் முதலில் வலை வெறுமையாக வருகிறது. அங்குள்ள முதியவர் ஒருவர் காரணம் கோஜிராதான் என்கிறார். சுற்றியிருப்போர் அவரைக் கேலி செய்கிறார்கள். டோக்கியோவிலிருந்து விஞ்ஞானிகள் கருவியோடு வந்து கிணற்று நீரைச் சோதிப்பது அதற்குப் பிறகுதான்.

அந்தப் படகை ஜப்பானியர் இன்றும் வைத்திருக்கிறார்கள். டோக்கியோவின் யுமெனோஷிமா என்ற இடத்தில் 1976இல் திறக்கப்பட்ட காட்சிக்கூடத்தில் அது நிற்கிறது. மரத்தால் ஆன படகு.