ஊசிக்கு முன்னால் ஒரு கடுதாசி

கொழிஞ்சாம்பாறை

என் அம்மிணி கயலுக்கு,

மூணாறு குளிரில் ஸ்வெட்டர் போடுகிறாயா, இல்லை பெட்டிக்குள்ளேயே மடித்து வைத்திருக்கிறாயா? உன் அம்மா விஷயத்தைச் சொன்னாள். சின்ன வயசில் கஞ்சி கொட்டி வெந்த இடத்தில் புருவம் முளைக்காமலே போச்சே, அங்கே நிறமி வைத்துப் பச்சை குத்தலாம் என்று கோயம்புத்தூர் தோல் டாக்டர் சொன்னாராம். கஞ்சி கொட்டின அன்றைக்கு உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு வேலந்தாவளம் வழியாக பஸ்ஸில் போனது இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. தாராளமாகச் செய்துகொள். எனக்குக் கவலை பில்லைப் பற்றித்தான்.

அழகுக்காகச் செய்யும் சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீட்டில் பணம் கிடையாது. 2019-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அந்த விதியின் வாசகத்தை எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றாக்கியபோது, விபத்து, தீக்காயம், புற்றுநோய் இவற்றுக்குப் பிறகு செய்யும் சீரமைப்புக்கு விலக்கும் கொடுத்தது. கஞ்சி கொட்டி வெந்ததும் தீக்காயக் கணக்குத்தான். இதே பச்சையைக் குத்திக்கொள்ளும் வெண்புள்ளிக்காரர்களுக்கு இந்த வழி எளிதில் திறப்பதில்லை. அது எனக்கு நியாயமாகவே படவில்லை.

அதனால் டாக்டர் சீட்டில் வெறுமனே 'பச்சை குத்தல்' என்று இருந்தால் போதாது. எந்த வயசில், எதனால் வெந்தது, இது ஏன் சீரமைப்பு என்று அவர் கையால் எழுதி வாங்கு. பழைய ஓபி சீட்டு மாமா பெட்டியில் இருக்கிறது, அனுப்புகிறேன். பாலிசி எடுக்கும்போது இந்தத் தழும்பைச் சொன்னாயா? அதையும் பார்.

மரத்துப்போக மருந்து தடவி, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுகிற வேலை இது. 24 மணி நேரம் படுக்கையில் இருந்தால்தான் பணம் என்பதே பெரும்பாலான பாலிசிகளின் கணக்கு; ஒரே நாளில் முடிகிற சில சிகிச்சைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. உன் பாலிசியில் இது சேருமா என்று கம்பெனிக்கு எழுதிக் கேள். பதிலும் எழுத்தில் வரட்டும், அப்புறம் ஊசி. "ஒரு ராத்திரி அட்மிஷன் போட்டுக்கலாம்" என்று யாராவது சொன்னால் தலையாட்டாதே, பொய் க்ளெய்ம் பாலிசியையே ரத்தாக்கிவிடும். நிறம் சில வருஷத்தில் மங்கும். மறுபடி குத்தும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடு.

பேர் விஷயத்திலும் கவனம். ஆதாரில் இனிஷியல், மலையாளத்தில் எழுதின சர்டிபிகேட்டில் அப்பா பேர். எல்லைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது ஒரு தீராத தொல்லை. பாலிசியில் உள்ள பேரே பில்லிலும் வரச் சொல். பில்லையும் பஸ் டிக்கெட்டோடும் கடலைமிட்டாய்த் தாளோடும் கைப்பையில் திணிக்கிற மகராசி நீ! மருந்துக்கடை பில்லின் எழுத்து சில மாசத்தில் மறைந்துவிடலாம் கண்ணு, அன்றைக்கே ஜெராக்ஸ் எடு. அசலைக் கொடுத்தாலும் நகல் உன்னிடம் இருக்கணும்.

கம்பெனி பணம் தர மறுத்தால் எந்த விதியின்படி என்று எழுதி வாங்கு. முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரியிடம் போ. 30 நாளில் தீராவிட்டால் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன். சிகிச்சை கோயம்புத்தூரில் நடந்தாலும் நீ மூணாறுக்காரி, கொச்சி அலுவலகத்துக்கு எழுதலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஒரு வருஷத்தைத் தாண்டவிடாதே.

அடுத்த லீவுக்கு வரும்போது பாலிசியை முழுசாகக் கொண்டு வா, முதல் பக்கத்தை மட்டும் கிழித்துக்கொண்டு வராதே. பணியாரம் சுட்டு வைக்கிறேன், சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படிக்கலாம்.

உன் அத்தை