ஐ7 ஸ்டிக்கரும் 600 விஏ பெட்டியும்

திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் கடை ஏறுகிறார்: ஐ5-ஆ, ஐ7-ஆ? காசெல்லாம் அந்தக் கேள்வியில் கரைந்துவிடுகிறது. பின்னால் வரும் தொல்லைகளோ பிராசசரால் வருவதில்லை. உள்ளே போட்ட மென்பொருளின் உரிமம், கடிதம் அடித்த எழுத்துரு, சுவரிலிருந்து வரும் கரண்ட் ஆகியவற்றால்தான் வருகின்றன. ஊரில் அடிக்கடி காதில் விழும் பேச்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

"ஐ7 போட்டா சும்மா பறக்கும்ணே!"

எந்த வருஷத்து ஐ7 என்று கேளுங்கள். சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரும் ரீகண்டிஷன் டெஸ்க்டாப்புகளில் ஒட்டியிருக்கும் ஐ7 ஸ்டிக்கர் பொய்யில்லைதான். ஆனால் உள்ளே இருப்பது 3770 என்றால் அது 2012-ல் வந்தது. 2022-ல் வந்த சாதாரண ஐ3-12100 அதைத் தாண்டி ஓடும். டெஸ்க்டாப் பிராசசர்களில், நான்கு இலக்க எண்ணில் முதல் இலக்கமும், ஐந்து இலக்க எண்ணில் முதல் இரண்டும் தலைமுறையைச் சொல்லும். இப்போது வரும் 'கோர் அல்ட்ரா' போன்ற பெயர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றுக்கு வெளிவந்த ஆண்டையே பார்த்துவிடுவது நல்லது. பூட்டு வாங்கும்போது எடையைப் பார்க்காமல் லீவர் எத்தனை என்று கேட்கிற ஊர்க்காரர்கள், கம்ப்யூட்டர் கடையில் மட்டும் ஏன் ஸ்டிக்கரை நம்புகிறோமோ!

பில் போடவும் கடிதம் அடிக்கவும் பிள்ளைகள் பாடம் பார்க்கவும் 8 ஜிபி ராமும் ஒரு எஸ்எஸ்டியும் போதும். பழைய ஹார்டு டிஸ்க் ஒரு கோப்பைத் தேடி எடுக்கவே ஏறக்குறைய 10 மில்லி செகண்ட் எடுத்துக்கொள்ளும். எஸ்எஸ்டிக்கு அதில் நூறில் ஒரு பங்கு போதும். 'சிஸ்டம் ஸ்லோ' என்ற புகாரில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

"விண்டோஸ் 10 செத்துப்போச்சு, புதுசு வாங்கித்தான் ஆகணும்."

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது உண்மை. அதற்காகக் கணினி நின்றுவிடாது. பாதுகாப்புத் திருத்தங்கள்தான் நிற்கும். வீட்டுப் பயனர்கள் பதிவுசெய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை அவையும் கிடைக்கும். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். அதற்கு முந்தைய பெட்டியில் லினக்ஸ் போடலாம். 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்தவற்றில், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. வாங்கிய வாரமே அதை அழித்தவர்கள் ஏராளம். இதில் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு: அதே அக்டோபர் 14-ல் ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் ஆதரவு முடிந்துவிட்டது.

"ஆபீஸ் ஃப்ரீயா போட்டுத் தர்றோம் சார்."

கடைக்காரர் தருவது பெரும்பாலும் ஆக்டிவேட்டர் போட்டுத் திறந்த திருட்டுப் பிரதி. அதை நிறுவும் முன் ஆன்ட்டிவைரஸை அணைக்கச் சொல்வார். அந்த ஒரு வரியிலேயே விஷயம் புரிந்துவிட வேண்டும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 63பி பிரிவின்படி, தெரிந்தே திருட்டு மென்பொருளைப் பயன்படுத்தினால் ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆதாயத்துக்கோ தொழிலுக்கோ அல்ல என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம். ஆக, கடைக்கும் மில்லுக்கும்தான் ஆபத்து அதிகம்.

லேப்டாப்போடு வந்த 'ஹோம் அண்ட் ஸ்டூடண்ட்' ஆபீஸ் அசல்தான். ஆனால் அது வீட்டுக்கும் படிப்புக்கும் மட்டும். கமிஷன் மண்டியில் அதில் கணக்கு எழுதுவது உரிம விதிக்குப் புறம்பு. உரிம ஒப்பந்தத்தில் எழுதியிருந்தும் யாரும் படிப்பதில்லை.

அப்படியானால் லிப்ரே ஆபீஸ்? காசு கிடையாது, கடையிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம், இடைமுகம் தமிழிலும் உண்டு. பட்டியல், கடிதம், விலைப்புள்ளி எல்லாவற்றுக்கும் தாங்கும். ஆனால் 'எக்செல்லுக்கு அப்படியே மாற்று' என்று சொல்கிறவரையும் நம்ப வேண்டாம். ஜிஎஸ்டி ஆண்டுத் தாக்கலான ஜிஎஸ்டிஆர்-9-க்கான ஆஃப்லைன் கருவி மேக்ரோ வைத்த எக்செல் கோப்பு. அதற்கு அசல் எக்செல்தான் வேண்டும். ஆடிட்டர் அலுவலகம் எக்செல்லுக்குக் காசு கொடுப்பது நியாயம். சின்னாளபட்டியில் சேலை விற்கிறவருக்கு அந்தச் செலவு தேவையில்லை.

"லிப்ரே ஆபீஸ்ல தமிழ் வராது."

எனக்கு இதுதான் மிகவும் எரிச்சல் தருவது. பழி போக வேண்டிய இடம் எழுத்துரு. பாமினி, வானவில் போன்றவற்றில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் ஆங்கிலக் குப்பைதான் தெரியும், அது வேர்டு ஆனாலும் லிப்ரே ஆனாலும். யூனிகோடில் அடித்தால் இரண்டிலும் வரும், கைப்பேசியிலும் வரும். தமிழக அரசே 2010 ஜூனில் யூனிகோடுக்கு மாற ஆணையிட்டது. அப்புறமும் ஏன் பழக்கம் போகவில்லை? கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி மையங்களில் பலவற்றில் இன்னமும் பேஜ்மேக்கர். அதன் கடைசிப் பதிப்பு வந்தது 2001-ல்; யூனிகோடு தமிழ் அதற்குத் தெரியாது. அங்கே தட்டச்சு பழகியவர் ஊராட்சி மனுவையும் பாமினியிலேயே அடிக்கிறார். பழைய கோப்புகளை என்எச்எம் கன்வெர்ட்டரில் போட்டால் யூனிகோடாக மாற்றித் தரும், அதுவும் இலவசம்.

"டாலி இல்லாம ஜிஎஸ்டி கட்ட முடியாது."

கட்டலாம். ஆண்டு விற்றுமுதல் 1.5 கோடிக்குள் இருப்பவர்களுக்கு ஜிஎஸ்டி தளம் வழியாகவே இலவசக் கணக்கு மென்பொருள் கிடைக்கிறது. மின்னணு விலைப்பட்டியல் கட்டாயம் என்பதும் 2023 ஆகஸ்ட் முதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்குத்தான். ஆனால் வேடசந்தூர்ப் பக்கம் பிரைவேட் லிமிடெட்டாகப் பதிவான நூற்பாலைக்குக் கதை வேறு. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருள், யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்ற தடத்தை அழிக்க முடியாதபடி வைத்திருக்க வேண்டும். எக்செல் தாளில் பேரேடு எழுதினால் அங்கே செல்லாது.

"வீட்ல இன்வெர்ட்டர் இருக்கு, யூபிஎஸ் எதுக்கு?"

கரண்ட் போய் இன்வெர்ட்டர் பிடிப்பதற்குள் ஒரு சின்ன இடைவெளி உண்டு. கணினியின் எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிப்பது ஏறக்குறைய 16 மில்லி செகண்டுதான். இன்வெர்ட்டரின் பின்புறம் 'யூபிஎஸ் மோடு' சுவிட்ச் இருந்தால் அதில் வையுங்கள். சாதாரண மோடில் கணினி அணைந்து எழும்பலாம், திறந்திருக்கும் கணக்குக் கோப்பு கெடலாம். தனியாக யூபிஎஸ் வாங்கினாலும், 600 விஏ என்று வாங்கும் பெட்டி 600 வாட் தராது, பெரும்பாலும் 360 வாட்தான். உள்ளே இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் அடங்குவது 84 வாட்-மணி. அது வேலை பார்க்க அல்ல, சேமித்துவிட்டு அணைக்க. யூபிஎஸ் வாங்கும்போது பிஐஎஸ் பதிவு எண் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணை அடித்துச் சரிபார்க்கலாம். லேசர் பிரிண்டரை மட்டும் யூபிஎஸ்ஸில் செருகாதீர்கள். தாளைச் சூடாக்கும் அந்த நொடியில் அது பல நூறு வாட் இழுக்கும். பெட்டி கத்திவிட்டு, கூடவே கணினியையும் அணைத்துவிடும்.