அட்டவணையில் புதிய பத்தி புகுத்துதல்

பைத்தான் என்னும் கணிப்பொறி மொழியில் அட்டவணைகளைக் கையாளுதற்கென அமைந்த நிரல் தொகுதி பாண்டாஸ் என்பதாம். வெஸ் மெக்கின்னி என்பார் 2008ஆம் ஆண்டில் இதனை ஆக்கத் தொடங்கினார். இதன்கண் அட்டவணைக்கு டேட்டாஃபிரேம் என்று பெயர். அதனுள் புதிய பத்தியொன்றைப் புகுத்தும் முறையை ஈண்டு ஆராய்வோம்.

இதற்குரிய ஏவல் இன்சர்ட் எனப்படும். புதிய பத்தி அமைய வேண்டிய இடம், அதன் பெயர், அதன் மதிப்புகள் ஆகிய மூன்றையும் நாம் கூறல் வேண்டும். முதற் பத்தியின் இடம் 0 என்றே எண்ணப்படும். முன்னரே உள்ள பெயரை மீண்டும் இட்டால், நாம் தனியே இசைவு தந்தாலன்றி, ஏவல் மறுத்துவிடும். இவ்வேவல் இருக்கும் அட்டவணையையே மாற்றுகின்றது. புதியதொன்றைத் திருப்பித் தருவதில்லை. ஆதலின் இதன் விடையை அட்டவணையின் பெயருக்கே சூட்டுவோர் அட்டவணையை இழந்து வெறுங்கையராய் நிற்பர்.

நிற்க. இடர் மிக்க பகுதி மதிப்புகளைத் தருவதிலேயே உளது. ஒரு வகுப்பின் அட்டவணையில் 101, 102, 103 என்னும் பதிவெண்களே வரிசைகளின் அடையாளம் எனக் கொள்வோம். விடைத்தாள்களோ 103, 101, 102 என்னும் முறையில் திருத்தப்பெற்றன. மதிப்பெண்கள் முறையே 81, 32, 62. இவற்றை வெறும் பட்டியலாகக் கொடுப்பின், இன்சர்ட் அவற்றை மேலிருந்து கீழாக அவ்வாறே வைத்துவிடும். 62 பெற்ற 102ஆம் எண் மாணாக்கருக்கு 32 கிடைக்கும். தேர்ச்சிக்கு 35 வேண்டுமாயின், அவர் தவறினார் என்றே ஏடு சொல்லும். தொகை ஒத்திருத்தலின் பிழைச் செய்தி ஒன்றும் எழாது.

அம்மதிப்பெண்களையே பதிவெண்களோடு சேர்த்து, சீரீஸ் என்னும் வடிவில் தருவோமாயின், அவை எம்முறையில் நிற்பினும் உரியவரையே சென்றடையும். எனினும் இதற்கும் ஒரு குறை உண்டு. மதிப்பெண் இல்லாத வரிசை வெறுமையாக விடப்படும். அட்டவணையில் இல்லாத பதிவெண்ணின் மதிப்பு ஓசையின்றி உதிர்ந்துபோம். பதிவெண்களைச் சேர்க்க மறந்தால் சீரீஸ் தானே 0, 1, 2 என எண்ணிக்கொள்ளும். அவற்றுள் எதுவும் பொருந்தாமையின் பத்தி முழுவதும் வெறுமையாகும். இது கண்ணுக்குத் தெரியும் பிழையாதலின், முன்னதைவிட இதனையே நாம் விரும்புவோம்.

ஆகவே பத்தியைப் புகுத்தியவுடன், அதில் நிரம்பிய இடங்களின் தொகையைத் திருத்தப்பெற்ற விடைத்தாள்களின் தொகையோடு ஒப்பிட்ட பின்னரே மதிப்பெண்களை வெளியிடுதல் வேண்டும்.