சப்பென்று ஒரு காலையுணவு
(உரைநடைப் பாடம்)

கற்றல் நோக்கங்கள்
• ஒரு பொருளைப் பற்றிய மாறுபட்ட கருத்துகளைப் படித்து அறிதல்
• உண்மை, காரணம், விருப்பம் ஆகிய மூன்றையும் பிரித்து உணர்தல்
• மாற்றுக் கருத்தைப் பண்புடன் எடுத்துரைத்தல்
• இரட்டைக்கிளவியை அறிந்து பயன்படுத்துதல்

நுழையும் முன்
மாணவர்களே! இன்று காலை நீங்கள் உண்டது என்ன? அதை வீட்டில் உள்ள அனைவரும் விரும்பி உண்டார்களா? எவரேனும் ஒருவர் முகம் சுளித்திருப்பின், அவர் கூறிய காரணம் என்ன? இவ்வினாக்களை மனத்தில் கொண்டு பாடத்தைப் படியுங்கள்.

பாடம்

தமிழர் சுவையை ஆறாக வகுத்தனர். இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கார்ப்பு, கசப்பு, துவர்ப்பு என்பன அவை. இந்த ஆறனுள் எதுவும் மேலோங்கி நில்லாத உணவைச் ‘சப்பென்று இருக்கிறது’ என்கிறோம். ‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்னும் பழமொழியும் நம்மிடம் உண்டு. ஆயினும், அத்தகைய சப்பென்ற உணவொன்று இன்று பல இல்லங்களில் காலைத் தட்டில் இடம்பெற்றுள்ளது. அதுதான் ‘கார்ன்ஃபிளேக்ஸ்’ எனப்படும் மக்காச்சோளச் செதில். அதை விரும்புவோரும் உளர், வெறுப்போரும் உளர். இந்தக் கருத்து வேறுபாடு புதியதன்று. அது பிறந்த வீட்டிலேயே தொடங்கிய ஒன்று.

பிறந்த கதை

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் டான்ஸ்வில் என்னும் ஊர் உள்ளது. அங்கே உடல்நல விடுதி நடத்திய ஜேம்ஸ் காலெப் ஜாக்சன் என்னும் மருத்துவர், 1863ஆம் ஆண்டில் ஒரு புதிய உணவை ஆக்கினார். தவிடு நீக்காத கோதுமை மாவைப் பிசைந்து சுட்டு, உடைத்து, மீண்டும் சுட்டுப் பெற்ற சிறு துண்டுகளே அவ்வுணவு. அவை மிகவும் கடினமானவை. இரவு முழுவதும் ஊறவைத்தால்தான் மறுநாள் மெல்ல இயலும்.

பின்னர், மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக் நகரில் இருந்த உடல்நல விடுதியில் இம்முயற்சி வளர்ந்தது. அவ்விடுதியின் தலைமை மருத்துவர் ஜான் ஹார்வி கெல்லாக். அவருக்குத் துணையாகக் கணக்குகளையும் அன்றாட நிருவாகத்தையும் கவனித்தவர் அவருடைய தம்பி வில் கீத் கெல்லாக். காரமும் இறைச்சியும் மிகுந்த சர்க்கரையும் உடலுக்குக் கேடு விளைவிக்கும் என்று அண்ணன் உறுதியாக நம்பினார். எனவே, நோயாளிகளுக்கு எளிய, சப்பென்ற உணவையே வழங்கினார். 1894ஆம் ஆண்டில், வேகவைத்து நெடுநேரம் கிடந்த கோதுமையை உருளைகளுக்கு இடையே செலுத்தியபோது, ஒவ்வொரு மணியும் மெல்லிய செதிலாக வெளிவந்தது. அதைச் சுட்டபோது மொறுமொறுப்பான உணவு கிடைத்தது. பிறகு மக்காச்சோளத்திலும் அம்முறை கையாளப்பட்டது.

அண்ணனும் தம்பியும்

இங்கேதான் கருத்து வேறுபாடு எழுந்தது. “சிறிது சர்க்கரை சேர்த்தால் மக்கள் அனைவரும் விரும்பி உண்பர்” என்பது தம்பியின் எண்ணம். “உடல்நலத்திற்காகப் படைத்த உணவில் சர்க்கரையைச் சேர்ப்பது அதன் நோக்கத்தையே அழிப்பதாகும்” என்பது அண்ணனின் எண்ணம். ஒருவர் நோயாளியை எண்ணினார். மற்றவர் கடைத்தெருவில் நிற்கும் மக்களை எண்ணினார். இருவர் கூற்றிலும் காரணம் இருந்தது.

தம்பி 1906ஆம் ஆண்டில் தனி நிறுவனம் தொடங்கினார். குடும்பப் பெயரை யார் பயன்படுத்துவது என்பது குறித்து இருவரும் நீதிமன்றம் சென்றனர். வழக்குகள் பல ஆண்டுகள் நீடித்தன. 1920இல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் தம்பிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. வழக்கு முடிந்தது, மனக்கசப்பு முடியவில்லை. சப்பென்ற ஓர் உணவால் உடன்பிறந்தோர் நெஞ்சில் கசப்பு நிலைத்துவிட்டது.

அண்ணன் தம் இறுதிக்காலத்தில் மனம் திறந்து தம்பிக்கு ஒரு கடிதம் எழுதினார். அக்கடிதம் உரிய காலத்தில் அனுப்பப்படவில்லை. அவர் 1943இல் மறைந்து சில ஆண்டுகள் கழிந்த பின்னரே அது தம்பியின் கையைச் சேர்ந்தது. விடை எழுத அவர் விரும்பியிருந்தாலும், அதைப் படிக்க அண்ணன் இல்லை. தம்பி 1951இல் மறைந்தார். இன்னொரு செய்தியும் நினைக்கத்தக்கது. சர்க்கரை வேண்டாம் என்றவர் வாழ்ந்தது 91 ஆண்டுகள். சர்க்கரை வேண்டும் என்றவர் வாழ்ந்ததும் 91 ஆண்டுகள்தாம்.

இந்தியத் தட்டில்

1994ஆம் ஆண்டில் கெல்லாக் நிறுவனம் இந்தியாவில் விற்பனையைத் தொடங்கியது. மேலைநாட்டினர் செதில்மீது குளிர்ந்த பாலை ஊற்றி உண்பர். நம் நாட்டில் பாலைக் காய்ச்சிச் சூடாகப் பருகுவதே பலரது வழக்கம். சூடான பாலை ஊற்றியவுடன் செதில்கள் குழைந்துவிட்டன. ‘மொறுமொறுப்பு’ என்று சொல்லி விற்ற உணவு, நம் கிண்ணத்தில் கஞ்சியாயிற்று.

இதற்குக் காரணம் எளிது. நன்கு சுடப்பட்ட செதிலில் ஈரம் மிகக் குறைவு. அதனுள் நுண்ணிய காற்றறைகள் உள்ளன. பற்கள் கடிக்கும்போது அவற்றின் சுவர்கள் உடைந்து ஒலி எழுகிறது. அவ்வொலியைத்தான் மொறுமொறுப்பாக உணர்கிறோம். பால் உள்ளே புகுந்தால் சுவர்கள் மென்மையாகின்றன; பிறகு ஒலி இல்லை. சூடான பால் விரைவாகப் புகும். குளிர்ந்த பால் மெதுவாகப் புகும். ஆகவே, இரண்டிலும் குழைவது உறுதி; காலம் மட்டுமே வேறுபடும்.

தானியத்தைத் தட்டையாக்கி உண்பது நமக்குப் புதிய கலையன்று. நெல்லை ஊறவைத்து, வறுத்து, உலக்கையால் இடித்துத் தட்டையாக்குவதே அவல். நீங்கள் வாழும் மாநிலங்களிலும் அது உண்டு. மகாராட்டிரத்தில் அது ‘போஹா’, கருநாடகத்தில் ‘அவலக்கி’, தெலுங்கில் ‘அட்டுக்குலு’, வங்காளத்தில் ‘சிரே’. பீகாரில் மகர சங்கராந்தி அன்று தயிருடன் உண்ணும் ‘சூடா’வும் அவலே. பொரியும் அவ்வாறே. தனியே உண்டால் பொரி சப்பென்றுதான் இருக்கும். கார்த்திகைத் திருநாளில் வெல்லப்பாகு சேர்ந்ததும் அது பொரியுருண்டையாகிறது.

ஒரு வீடு, நான்கு கருத்துகள்

தில்லியிலோ சண்டிகரிலோ வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். சனவரித் திங்கள், கடுங்குளிர். மேசைமீது செதில் நிறைந்த கிண்ணம் இருக்கிறது.

பாட்டி கூறுகிறார்: “இதில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. குளிர்காலத்தில் வயிற்றுக்கு இளஞ்சூடாக ஏதேனும் வேண்டாமா? இரண்டு இட்டிலி உண்டால் நண்பகல் வரை பசி தாங்குமே, கண்ணு!”

அம்மா கூறுகிறார்: “உண்மைதான், அத்தை. ஆனால், இந்தக் குளிரில் மாவு புளிப்பதே இல்லை. போர்வையால் மூடி வைத்தும் பொங்கவில்லை. ஏழு மணிக்குப் பள்ளிப் பேருந்து வந்துவிடும். நானும் வேலைக்குச் செல்ல வேண்டும்.”

அப்பா கூறுகிறார்: “சர்க்கரை பூசியதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன். சப்பென்று இருப்பதில் தவறில்லை. அதனுடன் வாழைப்பழத்தை நறுக்கிச் சேர்த்தால் போதும்.”

மகள் கூறுகிறாள்: “எனக்கு இதன் சுவையைவிட ஒலியே பிடிக்கும், பாட்டி. பாலைத் தனியாக வைத்துக்கொண்டு, சிறிது சிறிதாக ஊற்றி உண்பேன். ஊறிப்போனால் எனக்கும் பிடிக்காது.”

இந்நால்வரும் ஒரே பொருளைப் பற்றியா பேசுகின்றனர்? இல்லை. பாட்டி பசியையும் அம்மா நேரத்தையும் அப்பா உடல்நலத்தையும் மகள் விருப்பத்தையும் பேசுகின்றனர். கிண்ணம் ஒன்று, அளவுகோல் நான்கு. எதிரே இருப்பவர் எந்த அளவுகோலைக் கையில் வைத்திருக்கிறார் என்று அறியாமல் விடை கூறினால், வாதம் வளரும், தெளிவு வளராது.

எவ்வாறு தெளிவது?

முதலில், உண்மையை உண்மையால் தீர்க்க வேண்டும். ‘இதில் சர்க்கரை உண்டா?’ என்பது வாதத்திற்குரிய வினா அன்று. பெட்டியின் பின்புறத்தைப் படித்தால் விடை கிடைக்கும். சேர்க்கப்பட்ட பொருள்கள் எடை மிகுந்ததில் தொடங்கி, குறைந்ததை நோக்கி வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். சர்க்கரை இரண்டாம் இடத்தில் இருந்தால், அதைவிட மிகுதியாக இருப்பது ஒரே ஒரு பொருள்தான். சப்பென்ற செதிலிலும் சிறிதளவு உப்பும் சர்க்கரையும் இருப்பதைக் காணலாம்.

அடுத்து, காரணத்தைக் காரணத்தால் எடைபோட வேண்டும். மாவு புளிக்காத நாளில் செதிலும், விடுமுறை நாளில் இட்டிலியும் என்று இரு காரணங்களுக்கும் இடம் தரலாம்.

இறுதியாக, விருப்பத்தை மதிக்க வேண்டும். ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பது ஒருவர்தம் நாவின் செய்தி. அதைப் பொய் என்று எவரும் மெய்ப்பிக்க இயலாது. ‘இதை உண்பவர் அறிவிலி’ என்பதோ நாவின் செய்தியன்று. பிறரைப் புண்படுத்தும் சொல். பள்ளியில் நண்பர் உங்கள் உணவுப்பெட்டியைப் பார்த்து நகைத்தாலும், நீங்கள் அவர் பெட்டியைப் பார்த்து முகம் சுளித்தாலும் அதே தவறுதான் நிகழ்கிறது.

உணவைப் பற்றிய கருத்து மாறுபடலாம், அது இயல்பு. மாறுபட்டவருடன் பேச்சை நிறுத்திவிடுவதே இழப்பு. காலந்தாழ்ந்து சேர்ந்த அந்தக் கடிதம் நமக்கு உணர்த்துவது இதுவே.

அருஞ்சொற்பொருள்
செதில் – மெல்லிய தகடு போன்ற துண்டு
உறைப்பு – காரம்
மனக்கசப்பு – உள்ளத்தில் தங்கிய வருத்தம்
அளவுகோல் – அளக்க உதவும் கருவி. இங்கு, மதிப்பிடும் முறை
மெய்ப்பித்தல் – உண்மை என நிறுவுதல்

மாற்றுக் கருத்தைக் கூற உதவும் தொடர்கள்
• தாங்கள் கூறுவதில் உண்மை உண்டு, ஆயினும்…
• அக்காரணத்தை ஏற்கிறேன். எனினும், என் கருத்து வேறு.
• தாங்கள் அவ்வாறு எண்ணுவதற்குக் காரணம் என்ன என்று அறிய விரும்புகிறேன்.

இலக்கணம் அறிவோம்
‘மொறுமொறு’ என்னும் சொல்லைப் பிரித்து ‘மொறு’ என்று கூறினால் பொருள் தருவதில்லை. இவ்வாறு இரட்டித்தே நின்று, பிரித்தால் பொருள் தராத சொல் இரட்டைக்கிளவி எனப்படும். ‘போதும் போதும்’ என்பதைப் பிரித்தாலும் ஒவ்வொரு சொல்லும் பொருள் தருகிறது. எனவே அது அடுக்குத்தொடர்.

பயிற்சி

அ) பொருத்தமான இரட்டைக்கிளவியால் நிரப்புக. (நறநற, மொறுமொறு, கொழகொழ, மடமட)
1. புதிதாகச் சுட்ட முறுக்கு ______வென்று இருந்தது.
2. பாலில் நெடுநேரம் ஊறிய அவல் ______வென்று ஆயிற்று.
3. பேருந்தின் ஒலி கேட்டதும் அவன் பாலை ______வெனக் குடித்தான்.
4. சினத்தால் அவர் பல்லை ______வெனக் கடித்தார்.

ஆ) உண்மை, காரணம், விருப்பம் எனப் பிரித்து எழுதுக.
1. குளிரில் மாவு புளிப்பதில்லை. ஆகவே இன்று செதில் போதும்.
2. சூடான பாலில் செதில் விரைவாகக் குழையும்.
3. எனக்குச் சப்பென்ற உணவே பிடிக்கும்.

இ) ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. ஜாக்சன் ஆக்கிய உணவை இரவு முழுவதும் ஊறவைத்தது ஏன்?
2. செதிலைக் கடிக்கும்போது ஒலி எழுவது எவ்வாறு?
3. அவலுக்கு வழங்கும் பிறமொழிப் பெயர்கள் இரண்டினைக் கூறுக.

ஈ) சிந்தித்து எழுதுக.
1. அண்ணன், தம்பி இருவருள் யார் கருத்தை நீங்கள் ஏற்கிறீர்கள்? காரணத்துடன் எட்டு வரிகளில் எழுதுக. மற்றவர் கருத்தில் உள்ள நியாயத்தையும் இரண்டு வரிகளில் குறிப்பிடுக.
2. “கிண்ணம் ஒன்று, அளவுகோல் நான்கு” – விளக்குக.

உ) செயல்பாடு
உங்கள் இல்லத்தில் உள்ளோரிடமும் ஊரில் வாழும் தாத்தா, பாட்டியிடமும் (தொலைபேசி வழியாக) ‘காலையில் உண்ணச் சிறந்தது எது? ஏன்?’ என்று தமிழில் கேளுங்கள். விடைகளை அவர்கள் சொற்களிலேயே எழுதி, ஒவ்வொருவரும் எந்த அளவுகோலால் அளந்தார் என்று குறித்து வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.