கிளினிக்கில் பில் போடும்போது...

டாக்டர் கட்டணம், ஊசி, கட்டுப் போடுவது, இ.சி.ஜி. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று நோயாளிகள் காத்திருக்கும் இடத்திலேயே எழுதி வையுங்கள். காய்ச்சலோடு வந்தவர், பாவம், கடைசியில் தொகையைக் கேட்டுத் திகைக்கக் கூடாது.

பில்லில் 'மொத்தம் ரூ.600' என்று மட்டும் எழுதிக் கொடுப்பது சரியல்ல. நோயாளியின் பெயர், தேதி, பில் எண், டாக்டரின் பதிவு எண், எதற்கு எவ்வளவு என்ற விவரம் எல்லாம் வேண்டும். மருத்துவக் காப்பீடு இல்லாத, 60 வயதோ அதற்கு மேலோ ஆன பெரியவர்களின் சிகிச்சைச் செலவுக்குப் பழைய வருமான வரி முறையில் ஆண்டுக்கு ரூ.50,000 வரை கழிவு உண்டு. ரொக்கமாகக் கட்டினால் அது கிடைக்காது. இதைச் சொல்லி, ஜிபே, கார்டு வசதியை அவர்களுக்குக் காட்டுங்கள்.

இரவு மூடும் முன் டோக்கனையும் பில்லையும் ஒத்துப் பாருங்கள். மறுமுறை எத்தனை நாளுக்குள் வந்தால் கட்டணமில்லை என்பதையும் பில்லிலேயே அச்சடித்துவிடுங்கள்.